ஒருவர் என்று தொடங்கிய சிந்தனைகள்

எங்கள் பங்குச் சாமியாருக்கு ஊர்கள் ஏழு, ஞாயிறு ஒன்று. உத்திரமேரூரிலிருந்து ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் ஊரில் பூசை வைக்க மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் அவரால் முடியும். மற்ற ஞாயிறுகளில் நாங்களே கூடிச் செபிப்போம். பாட்டு, வாசகம், மன்றாட்டு, நடுவில் ஒரு பத்து நிமிடச் சிந்தனை. அந்தப் பத்து நிமிடம் பதினோரு வருடங்கள் என் பொறுப்பில் இருந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஊரில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன்.

முதல் வருடம் வேதாகம விளக்க நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனேன். ஆண்கள் பக்கத்தில் பாதிப் பேர் தூங்கினார்கள். தூங்காதவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஒரு ஞாயிறு, காணாமல்போன ஆட்டைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அந்த வாரம்தான் எங்கள் தெருவில் ஒருவருடைய ஆடு பக்கத்துக் கொல்லையில் புகுந்து வேர்க்கடலைச் செடியை மேய்ந்து, இரண்டு வீடும் பேச்சு வார்த்தையை நிறுத்தியிருந்தன. "நம் ஊரில் ஒருவர் இருக்கிறார். அவருடைய ஆடு காணாமல் போகவே போகாது. அது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்" என்றேன். அவ்வளவுதான். கோயில் முழுவதும் சிரித்தது. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. வேப்பமரத்தடி ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஆட்டுக்காரர் வெட்கத்தோடு சிரித்து, செபத்துக்குப் பிறகு கடலைக்காரரிடம் போய்ப் பேசினார்.

எனக்கு வழி தெரிந்துவிட்டது. அதன்பிறகு என் சிந்தனை எல்லாம் "ஒருவர்" என்றுதான் தொடங்கும். பெயர் சொல்ல மாட்டேன். பெயர் சொல்லாதது என் பெருந்தன்மை என்று நம்பினேன். நூற்றுச் சொச்சம் வீடுள்ள ஊரில் "ஒருவர்" யாரென்று கண்டுபிடிக்க மூன்று வினாடி போதும் என்பது தலைமையாசிரியருக்குத் தெரியாமல் போகுமா? தெரியும். அந்த மூன்று வினாடிக்காகத்தான் சொன்னேன்.

கோயில் கூரையின்மேல் ஒரு குழாய் ஒலிபெருக்கி வயல்வெளியைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. அதனால் என் சிந்தனை கோயிலோடு நிற்காது. சுவரை ஒட்டி நெல் போட்டிருந்த விவசாயி ஒருவர் எங்கள் மதத்துக்காரர் இல்லை. ஆனாலும் ஞாயிறு காலை மடை திறக்கிற சாக்கில் வரப்பில் குந்திக்கொண்டு கடைசி வரை கேட்பார். செபம் முடிந்து நான் வெளியே வந்தால் முதல் கேள்வி அவருடையதுதான்.

"இன்னா சார், இன்னிக்கு அந்த பேனர்காரனத்தானே சொன்னீங்கோ?"

"நான் யார் பேரையும் சொல்லலையே."

"அட, அத்த வுடுங்க சார். திருவியா பேனர்ல எம் மூஞ்சி பெருசா, உம் மூஞ்சி பெருசான்னு அண்ணன் தம்பி அடிச்சிக்கினது ஊருக்கே தெரியும். எங்க ஆளுங்கள பத்தியும் நாலு வார்த்த சொல்றது. நாங்களும் கேட்டுக்கினுதானே கீறோம்?"

போகப் போகச் சிபாரிசும் வரத் தொடங்கியது. மாமியார்கள் மருமகளைப் பற்றியும், மருமகள்கள் மாமியாரைப் பற்றியும், "அடுத்த வாரம் லேசா வெச்சிடுங்க சார்" என்று காதில் போட்டுவிட்டுப் போவார்கள். பாட்டுக் குழுவில் உச்சக் குரலில் பாடும் ஒருவர், "நாலு வருசமா என்னப் பத்தி ஒரு வார்த்தை வரல. நான் அவ்ளோ மோசமாவா நல்லவனா கீறேன்?" என்று கோபித்துக்கொண்டார். அடுத்த வாரமே அவரைச் சேர்த்தேன். சந்தோஷமாக எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த டீ, கோயிலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் இருந்த நாஷ்டா கடையில். கடை ஒரு விதவை அம்மாவுடையது. ஓலைப் பந்தல், இரண்டு பெஞ்சு, பெரிய இட்லி அண்டா. ஞாயிறு விடியுமுன்பே ஈடு வைத்துவிட்டு, முதல் பாட்டுக்கு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்காருவார். கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்து போய்விடுவார். நாங்கள் வெளியே வரும்போது இட்லியும் வடகறியும் தயாராக இருக்கும். எங்கள் ஞாயிறு வழிபாட்டின் இரண்டாம் பாதி அங்கேதான் நடந்தது. அன்றைய "ஒருவர்" யார், அவர் செய்தது சரியா, அவருக்கு இன்னொரு இட்லி வைக்கலாமா என்றெல்லாம் பேசி முடிய ஒன்பது மணி ஆகிவிடும்.

இந்த அம்மாவுக்குத்தான் நான் தீங்கு செய்தேன்.

என் மனைவி பக்கவாதம் வந்து நான்கு வருடங்கள் படுக்கையில் இருந்தாள். அவளைத் தூக்கி, துடைத்து, புரட்டிப்போட்டு, ஊட்டி எல்லாம் நானே செய்தேன். அவளுக்கு நாஷ்டா கடை இட்லிதான் இறங்கும். அந்த அம்மா எனக்காக முதல் ஈட்டில் கொஞ்சம் தளர்ந்த மாவாக ஊற்றி, "இது அம்மாவோடது, யாரும் தொடாதீங்க" என்று தனியாக வைப்பார். ஒரு நாள் காலை நான் போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்காமல் அவர் டீயை வைத்தார். நானாகச் சொன்னேன்.

"காலையில மாதா படத்துக்கு முன்னால நின்னு, இவளை எடுத்துக்கோம்மான்னு கேட்டுட்டேன்."

அவர் அகப்பையை நிறுத்தவில்லை. ஒரு தட்டு முழுதும் ஊற்றி, அண்டாவில் இறக்கி, மூடியைப் போட்டபிறகுதான் திரும்பினார்.

"இதுக்கா சார் அழுவுறீங்க? எங்க வூட்டுக்காரு மரத்துலேர்ந்து வுழுந்து மூணு வருசம் படுத்துக்கினு இருந்தாரு. நான் தெனம் கேட்டேன். மாவு ஊத்தச்சொல்ல கேட்டேன், துணி தொவைக்கச்சொல்ல கேட்டேன். மாதாவுக்கு காதே வலிச்சிருக்கும். அவரு மேல ஆசை இல்லாமயா? அவரு படுற பாட்ட பாக்க முடியாமதான்." இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "இத நான் யாராண்டயும் சொன்னதில்ல சார். நீங்க அழுதீங்களேன்னு சொன்னேன். போங்க, ஆறிடப்போவுது" என்றார்.

அன்று வீட்டுக்கு லேசான மனத்தோடு நடந்தேன். வருடக்கணக்கில் நான் பேசிய எந்தச் சிந்தனையும் யாரையும் அப்படி நடக்க வைத்திருக்காது.

அந்த மழைக்காலத்தில் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்கு வந்த எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். தாம்பரத்தில் இருக்கும் என் ஒரே மகள், "எங்கப்பா மாதிரி யாராலயும் பாத்துக்க முடியாது. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல" என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி சிந்தனை சொல்ல எழுந்தேன். கோயிலில் இருவர் வேண்டிக்கொள்ளும் நற்செய்திப் பகுதி அன்று வந்தது. ஒருவன் தன் நல்ல குணங்களைக் கடவுளிடம் வரிசையாகச் சொல்வான். மற்றவன் தலை நிமிராமல் மார்பில் அடித்துக்கொள்வான். ஒளிக்காமல் வேண்டுவதைப் பற்றி ஓர் உதாரணம் வேண்டும். கையில் இருந்த உதாரணம் என்னுடையதுதான். "நான்" என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. மூன்றாம் வரிசையில், தாம்பரத்திலிருந்து வந்திருந்த என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தச் சொல்லை விழுங்கினேன். அது இருந்த இடத்தில் வேறொன்று வந்தது.

"நம் ஊரிலேயே ஓர் அம்மா. மூன்று வருடம் கணவர் படுக்கையில். மாவு ஊற்றும்போதும், துணி துவைக்கும்போதும், இவரை எடுத்துக்கொள் என்று மாதாவிடம் கேட்டிருக்கிறார். இதுவல்லவா ஒளிக்காத செபம்!"

பாராட்டுகிறேன் என்றுதான் நினைத்தேன். மூன்று வினாடிகூட ஆகவில்லை. எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே குழாய் ஒலிபெருக்கி என் கடைசி வரியை வயல் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டிருந்தது.

செபம் முடிந்து கடைக்குப் போனோம். அவருடைய நாத்தனார் முன்னால் நின்றிருந்தார். இறந்தவரின் தங்கை, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவர்.

"அப்போ எங்கண்ணன நீ வேண்டியே அனுப்பிட்டியா அண்ணி?"

கடை அம்மா அடுப்பிலிருந்து நிமிர்ந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குத் தவறாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கினார்.

"இன்னிக்கு நாஷ்டா இல்ல. எல்லாரும் கெளம்புங்க."

அடுத்த ஞாயிறு கடை மூடியிருந்தது. அவர் ஏழரை மணி பஸ்ஸில் ஏறி உத்திரமேரூர்க் கோயிலுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மற்ற ஆறு நாளும் கடை உண்டு, எனக்கு இட்லியும் உண்டு. ஆனால் பொட்டலத்தைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஞாயிறு மட்டும் எங்களோடு இல்லை.

ஊர் என்மேல் வைத்திருந்த மரியாதை இரண்டு வாரப் பசிக்குத் தாங்கவில்லை. மாதர் சங்கம் ஒரு ஞாயிறு உப்புமா கிண்டியது. அதைப் பரிமாறக் கரண்டி போதாமல் கடைசியில் கத்தி தேவைப்பட்டது. உச்சக் குரல் பாடகர் ஒரு துண்டைக் கையில் தூக்கிப் பிடித்து, "சார், இதுக்கு ஒரு சிந்தனை சொல்லுங்க" என்றார். வரப்பில் குந்தியிருந்த விவசாயிகூட விடவில்லை.

"முன்னல்லாம் ஒங்க கோயில் மணி அடிச்சா பின்னாடியே வடகறி வாசனை வரும் சார். இப்போ மணி மட்டும்தான் வருது. பேஜாரா கீது."

பங்குச் சாமியார் காதுக்கும் போயிற்று. வயதில் என் மகளைவிடச் சின்னவர். வெளிக் குழாயை நிறுத்தச் சொல்லிவிட்டார். பூசைக்குப் பிறகு என்னைத் தனியாக அழைத்து, மிகவும் மெதுவாகக் கேட்டார்: "சார், பாவசங்கீர்த்தனத்துல என்கிட்ட சொல்றத நான் மைக்ல சொன்னா, இந்த ஊர் என்னை என்ன பண்ணும்?" நான் தலை குனிந்தேன். அங்கேயே முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், என் மனைவிக்காக நான் வேண்டியதையும் சேர்த்து. பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டு, "கடவுள்கிட்ட முடிஞ்சது. அந்த அம்மாகிட்ட நீங்கதான் போகணும்" என்றார்.

ஒரு ஞாயிறு நானும் ஏழரை மணி பஸ்ஸில் ஏறினேன். அவர் ஜன்னலோரம் வெள்ளைச் சேலையில், செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து பின்னால் திரும்பினேன்.

"இன்னா சார், ஒங்க கோயில்ல பூசை இல்லியா?"

"உங்ககிட்ட மன்னிப்புக் கேட்க வந்தேம்மா. நான் செய்தது தப்பு. என் வேண்டுதலை மறைச்சிட்டு உங்க வேண்டுதலைச் சொல்லிட்டேன்."

"அது எனக்குத் தெரியாதா? நீங்கதானே மொதல்ல எங்கிட்ட வந்து அழுதீங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒங்க மூட்டைய என் தலைல ஏத்தி வெச்சிட்டு நீங்க கைய வீசிக்கினு போயிட்டீங்க. எங்க நாத்தனாரு இன்னும் எங்கிட்ட பேசறதில்ல. தெருவுல போனா, புருசன வேண்டி அனுப்பிச்சவன்னு பேசறாங்க. நீங்க இங்க வந்து பஸ்ஸுல, காதுல சொல்றீங்க. கொழாயில சொன்னத கொழாயிலதான் சார் எறக்கணும்."

கண்டக்டர் வந்து, "எங்க சார்?" என்றார். நான் பையில் சில்லறை தேடினேன். "உத்திரமேரூர்னு குடுங்க. அங்க எறங்கி இவரு திரும்பிடுவாரு" என்று அந்த அம்மாவே சொன்னார். உத்திரமேரூரில் அவர் கோயிலுக்குப் போனார். நான் பஸ் நிலையத்தில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன்.

அவர் கேட்டது நியாயம். ஆனாலும் எனக்கு அதற்கு மாதக்கணக்கில் ஆயிற்று. கோயிலுக்குப் பயப்படவில்லை, மகளுக்குப் பயந்தேன். முகம் சுளிக்காத அப்பா என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று ஒவ்வொரு வாரமும் தள்ளினேன். ஒவ்வொரு வாரமும் ஏழரை மணி பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனது. சிந்தனைகளில் "ஒருவர்" வருவதை நிறுத்தியிருந்தேன். மறுபடி ஆண்கள் தூங்கத் தொடங்கினார்கள்.

என் மனைவியின் முதல் நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சாமியார் வராத ஞாயிறு. மகள் முதல் நாளே வந்து, அம்மா படத்துக்கு மாலை கட்டி, மூன்றாம் வரிசையில் அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவள் இல்லாதபோது சொன்னால் அது பாதி சொன்னதாகத்தான் ஆகும் என்று தோன்றியது. மைக் செட்டைக் கவனிக்கும் எலக்ட்ரீஷியனிடம் போனேன்.

"வெளிக் குழாயைப் போடுப்பா."

"சாமி வேணான்னு சொல்லிட்டாரு சார்."

"சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"யாரு சார் இன்னிக்கு?" என்றார், கண்ணில் பழைய ஆவலோடு.

"போடு, தெரியும்."

மணி ஏழு இருபதுக்கு எழுந்து நின்றேன். பழக்க தோஷம், வாயில் முதலில் வந்தது அந்தச் சொல்தான். "நம் ஊரில் ஒருவர்..." என்றேன். உடனே எல்லாத் தலைகளும் இங்குமங்கும் தேடின. ஆட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார்.

"தேட வேண்டாம். அந்த ஒருவர் நான்."

பிறகு சொன்னேன். என் மனைவி உயிரோடு இருந்தபோது, அவளை எடுத்துக்கொள் என்று மாதாவிடம் நான் கேட்டதைச் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை என்றும் சொன்னேன். அதைத் தாங்க முடியாமல் ஒருவரிடம் போய் அழுதேன், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவர் தன் மனதில் இருந்ததை எனக்குக் கொடுத்தார், அதை எடுத்துக்கொண்டு வந்து இந்த இடத்தில் நின்று உங்களுக்கு வேடிக்கை காட்டினேன், என்னுடையதை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டேன் என்றேன். "அவர் தன் கணவரை வேண்டி அனுப்பினார் என்றால் நானும் என் மனைவியை வேண்டி அனுப்பினேன். அவரைக் கேட்ட கேள்வியை என்னையும் கேளுங்கள்." மகளின் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

வெளியே பஸ் வரும் சத்தம் கேட்டது. நின்றது. ஹாரன் இரண்டு தடவை அடித்தது. பிறகு கிளம்பிப் போய்விட்டது. பாட்டுக் குழு எந்தப் பாட்டைப் பாடுவதென்று தெரியாமல் காணிக்கைப் பாட்டைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மறுபடி தொடங்கியது.

முடிந்து வெளியே வந்தபோது விவசாயி வரப்பில் இல்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். "சார், பஸ்ஸு வந்து நின்னுது. கண்டக்டரு ரெண்டு வாட்டி கூப்ட்டாரு. அந்தம்மா கொழாய பாத்துக்கினே நின்னு, போ போன்னு கைய காட்டிட்டாங்க. இப்போ அடுப்பு பத்த வெக்கிறாங்க!"

எல்லாரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"மாவு இல்ல. ஞாயித்துக்கெயமைக்கு நான் அரைக்கறத வுட்டு எவ்ளோ நாளாச்சி! டீ மட்டும்தான். யாரும் பெஞ்ச ஒடைக்காதீங்க."

நாத்தனார் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். கடை அம்மா டம்ளரோடு நேராக அங்கே போய் நீட்டினார். நாத்தனார் அதை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"சக்கரை கம்மியா கீது அண்ணி."

"ஒனக்கு எப்பவும் கம்மிதான். குடு இப்படி."

எனக்கு டீ கடைசியாக வந்தது. அதைப் பெஞ்சில் வைக்காமல் கையில் கொடுத்தார். "சார், இனிமே கோயில்ல எவனாவது ஒருவர்னு சொன்னா அது நீங்கதான். நாங்க முடிவு பண்ணிட்டோம்" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. உச்சக் குரல் பாடகர் மட்டும், "என் எடத்த புடுங்கிட்டீங்களே சார்" என்றார்.

என் மகள் டீ குடிக்க வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, "வரேம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். மூன்று வாரம் போன் இல்லை. நான்காவது வாரம் அழைத்து, "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டேன் என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள். மறுநாளும் அழைத்தாள்.

சிந்தனை சொல்வதை நான் விட்டுவிட்டேன். இப்போது ஊரில் பி.எட். முடித்த ஒரு பெண் மறைமாவட்டத்திலிருந்து வரும் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறாள். அதை எழுதுகிறவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. அதனால் பக்கத்துக்கு ஒரு தடவை "ஓர் ஊரில் ஒருவர் இருந்தார்" என்று எழுதிவிடுகிறார்கள். அவர் கஞ்சனாக இருப்பார், குடிகாரராக இருப்பார், ஒரு தடவை அரசராகக்கூட இருந்தார். யாராக இருந்தாலும் கோயில் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்க்கிறது. கடைசி வரிசையில் அந்த அம்மா முதலில் திரும்புவார். நான் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

போன ஞாயிறு என் மகள் வந்திருந்தாள். மூன்றாம் வரிசைக்குப் போகாமல் பின்னால், நாஷ்டா கடை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைய "ஒருவர்" பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடியவர். எல்லாரும் திரும்பினார்கள். நான் கும்பிட எழுந்தபோது பெண்கள் பக்கம் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.